சிட்டிகைக்கு எத்தனை கிராம்?

எழுபதுகளில் புனேயின் கிர்க்கி அம்யூனிஷன் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் கொல்லைக்கு உரக்கணக்குப் பார்த்தவர் அம்மா. அவரிடம் இருந்த அளவுகள் மூன்றே: சிட்டிகை, குத்து, கூடை. சிட்டிகை யூரியாவுக்கு. கத்தரித் தண்டை ஒட்டிப் போடக் கூடாது. ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கீறி, தூவி, மண்ணை மூடி, கையோடு தண்ணீர் விட வேண்டும். குத்து வேப்பம்புண்ணாக்குக்கு. கூடை, பக்கத்து எருமைக் கொட்டகைச் சாணத்துக்கு. சுமக்கிற வேலை எனக்கு. பச்சைச் சாணம் வேரைப் பொசுக்கிவிடும் என்று குழியில் போட்டு மக்க வைத்த பிறகுதான் அதைத் தொட விடுவார். "இலை கறுத்திருந்தா சும்மா இரு, வெளுத்தா ஒரு சிட்டிகை போடு." வேளாண்மை பற்றி எனக்குக் கிடைத்த மொத்தப் பாடமும் இதுதான்.

அதே ஊரில், சிவாஜிநகரில், 1907 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாமே என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

இப்போது பாணேரில் அடுக்குமாடி வாசம். ஹிஞ்சவடியில் மென்பொருள் எழுதும் மகன், பால்கனித் தக்காளிக்கு எக்ஸெல்லில் உரம் எழுதுகிறான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தக்காளி ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து சொல்கிறது. பாதி அடியுரம், மீதி 30ஆம் நாள். ஹெக்டேருக்கு 10 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 1 கிராம். ஆக 15 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான் என்பதால், சதுர மீட்டருக்குச் சுமார் 33 கிராம் யூரியா. ஓரடி விட்டமுள்ள செடிப்பைக்கு இரண்டரை கிராம்கூட வராது. ஒரு வேளைக்கு ஒரு கிராம் சொச்சம். இதற்காக நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற தராசு ஒன்று வந்து இறங்கியது. அதில் நிறுத்து, என் உள்ளங்கையில் கொட்டினான். அம்மாவின் சிட்டிகையேதான்.

"அப்பா, கணக்கு தப்பு" என்றான் மறுநாள். வயலில் 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். செடிக்கணக்கில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 9 கிராம். மண்ணின் பரப்பைப் பார்ப்பதா, செடியைப் பார்ப்பதா? எக்ஸெல் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டால், பையில் மண் கொஞ்சம், வேர் ஒதுங்க இடமில்லை. குறைந்த அளவைப் பிடித்து, இலையைப் பார்த்துப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதே சரி. (இதைச் சொன்னதற்கு "டேட்டா இருக்கா?" என்று கேட்டான்.)

சாணமும் வருகிறது, கூரியரில், பளபளக்கும் பாக்கெட்டில். எருமை எங்கே கட்டிக் கிடக்கிறதோ!

வேடிக்கை இதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனே நகராட்சி ஊர் மலத்தைச் சாம்பலும் குப்பையும் கலந்து எருவாக்கி விற்றது. முதலில் முகம் சுளித்த கரும்பு விவசாயிகள் பிறகு தேடி வந்து வாங்கினார்கள். நம் காலத்துக்கு வந்தால், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் குடியிருப்புகள் ஈரக் குப்பையைத் தாங்களே மக்க வைக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். மண்புழு உரம் தயாரித்தால் மாநகராட்சி சொத்து வரியில் சலுகையும் தருகிறது. எங்கள் குடியிருப்பில் சலுகையை எல்லோரும் வாங்கிக்கொள்கிறோம். எருவைத்தான் வாங்க ஆளில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கறுகறுவென்று, மண்வாசனையோடு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதன் மேல் சாய்ந்துதான் வாட்ச்மேன் பேப்பர் படிக்கிறார். அவரைத் தாண்டித்தான் கூரியர்ப் பையன் சாணப் பாக்கெட்டோடு லிஃப்டில் ஏறுகிறான்.

தக்காளிக்கான அதே பல்கலைக்கழகப் பரிந்துரையில் மக்கிய எரு ஹெக்டேருக்கு 25 டன், அதாவது சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. அடுக்குமாடியில் தோட்டம் போடுகிறவர்கள் அடுத்த பாக்கெட்டுக்கு ஆர்டர் கொடுக்குமுன் ஒரு வாளியோடு கீழே இறங்கி வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்கள். காசு கேட்க மாட்டார்.