அறுநூற்று மூன்று கிராம்

சோனி ஆல்ஃபா 1 கேமரா பேட்டரியும் கார்டும் சேர்த்து 737 கிராம். நிக்கான் இசட் 9 அதே கணக்கில் 1,340 கிராம். வித்தியாசம் 603 கிராம். சென்னையில் ஏசி போட்ட கடையில் நின்றுகொண்டு கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சிங்கவரம் ரங்கநாதர் கோயில் படியில் பாதி ஏறி நிற்பவருக்கு வேறெந்தத் தகவலும் பொருட்டில்லை.

எனக்குக் கேமரா வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. அந்த ஒரு தகுதிக்காகத்தான் என்னை நடுவராகப் போட்டார்கள். வாதி என் அக்கா மகன். பறவைகளைத் துரத்திப் படம் எடுப்பவன், சோனி கட்சி. பிரதிவாதி என் மனைவியின் தம்பி. செஞ்சியைச் சுற்றி நடக்கிற கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதையும் விடாதவன், நிக்கான் கட்சி. இருவரிடமும் அந்தக் கேமராக்கள் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லென்ஸ் இல்லாமல் பாடி மட்டுமே ஐந்து லட்ச ரூபாயைச் சுற்றி வருகிறது. சொந்தமாக வைத்திருப்பவனுக்குத் தவணை கட்டவே நேரம் போதாது, சண்டைக்கு எங்கே போவான்?

சண்டை பொங்கலுக்கு ஆரம்பித்து ஆடி வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டு 1698 வரை உட்கார்ந்திருந்தார். அவருக்காவது கடைசியில் கோட்டை கிடைத்தது. எனக்கு வீட்டில் காபி கிடைப்பதுகூட நின்றுபோனது.

"சோனியில அஞ்சு கோடியே ஒரு லட்சம் புள்ளி மாமா. நிக்கான்ல நாலு கோடியே அம்பத்தேழு லட்சம்தான். நாப்பத்துநாலு லட்சம் புள்ளி குறையுது" என்றான் மருமகன், ஏதோ அவன் வங்கிக் கணக்கிலிருந்து குறைந்த மாதிரி. நான் பென்சிலை எடுத்தேன். சோனி படத்தின் அகலம் 8,640 புள்ளி, நிக்கானுடையது 8,256. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஒன்று 28.8 அங்குலம், மற்றொன்று 27.5. ஆறு மாதம் திண்ணையைத் தேய்த்த சண்டையின் மொத்த நீளம் ஒன்றேகால் அங்குலம். அதோடு நம் கல்யாண ஆல்பத்தை விரித்தால் 36 அங்குலம். இரண்டு கேமராவும் அந்தக் கணக்குக்கு எட்டாது, இரண்டையும் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். இதைச் சொன்னதும் இருவரும் முதல்முறையாக ஒற்றுமையாக, "மாமாவுக்கு டெக்னிக்கல் தெரியாது" என்றார்கள்.

அடுத்து வேகம். நொடிக்கு 30 படம் என்று சோனியும், 20 என்று நிக்கானும் பெட்டியில் போட்டுக்கொள்கிறார்கள். மச்சான் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். நான் இரண்டு கையேட்டையும் வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தேன் (ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை). சோனியின் அந்த 30, ரா (RAW) கோப்பைத் தரம் குறைத்துச் சுருக்கினால்தான். முழுத் தரத்தில் அதுவும் 20. நிக்கானும் ஜேபெக் என்றால் 30 எடுக்கும், ராவில் 20. ஆக முழுத் தரத்தில் இருவரும் சமம். சமம் என்ற தீர்ப்பை இந்த உலகத்தில் எந்தக் கட்சிக்காரனும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆகவே சென்னையிலிருந்து இரண்டையும் வாடகைக்கு எடுத்துவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் 70–200 லென்ஸ் ஜோடி. முக்காலிப் பிடியைக் கழற்றிவிட்டுச் சோனி லென்ஸ் 1,045 கிராம், நிக்கான் லென்ஸ் 1,360. நடுவர் நடுநிலையாளர் என்பதால் இரண்டு பையும் என் தோளுக்கு வந்தன. வலது தோளில் நிக்கான், இடது தோளில் சோனி. இருபக்கமும் சமமாக நடந்துகொள்ள வேண்டும் என்று எவ்வளவு முயன்றும் உடம்பு வலப்பக்கமே சாய்ந்தது.

சிங்கவரம் செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர். பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து செய்த கோயில். பாறையோடு பாறையாகப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். அவர் முகம் சற்றுத் திரும்பியிருப்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டைக்குப் புறப்பட்ட தேசிங்கு ராஜா இங்கே விடைபெற வந்தாராம். பெருமாள் போகாதே என்றாராம். ராஜா கேட்கவில்லை. பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேசிங்கு போனார், திரும்பி வரவில்லை. கல்யாணப் போட்டோகிராபராகிய என் மச்சான் கர்ப்பகிருகத்தின் முன் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டான். பழக்கதோஷத்தில் அவன் வாய், "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று முணுமுணுத்ததாக மருமகன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. பட்டாச்சாரியார் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஜிப்பைக்கூடத் திறக்க வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். இருட்டில் எந்தச் சென்சார் நன்றாகப் பார்க்கும் என்பதற்காகத்தான் மருமகன் இந்தக் கோயிலையே தேர்ந்தெடுத்திருந்தான். சோனி ஐஎஸ்ஓ 32,000 வரை போகும், நிக்கான் 25,600 வரை. இரண்டும் பைக்குள் ஒரே தரத்தில் இருந்தன. தாயார் சன்னதியில் ஒரு சிறு சாளரம் உண்டு. அதில் கண்ணை வைத்தால் பாறையில் செதுக்கிய கொற்றவை தெரிவாள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் இடுப்பின் ஒசிவு, பிறகு முகம். பத்து லட்ச ரூபாய்க்கு மேலான சாமானைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பார்த்த மிக நல்ல காட்சி அதுதான், கண் ஆபரேஷன் செய்த இலவசக் கண்ணால்.

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிமார் மாட்டினார்கள். மருமகன் சோனியைச் சத்தமில்லாத ஷட்டரில் வைத்து எடுத்தான். பாட்டிகள் அசையவில்லை. மறுபடி எடுத்தான். அப்படியே சிலை மாதிரி இருந்தார்கள். "எடுக்கறியா இல்லியாப்பா? மூச்சு முட்டுது" என்றார் ஒருவர். சத்தம் கேட்டால்தானே மூச்சு விடுவது? மச்சான் நிக்கானை நீட்டினான். டப் என்றது. பாட்டிகள் மூச்சு விட்டார்கள், சிரித்தார்கள், அந்தச் சிரிப்பை அடுத்த டப்பில் பிடித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நிக்கான் இசட் 9-ல் இயந்திர ஷட்டரே கிடையாது. அந்த டப் ஒலிபெருக்கியில் வருகிற சத்தம், கூட்டலாம், குறைக்கலாம். நிஜமாகத் திறந்து மூடும் ஷட்டர் இருப்பது சோனியில். அதன் நன்மை, வெயிலில் பிளாஷ் போட்டு மாப்பிள்ளை பெண்ணை எடுக்கும்போது 1/400 நொடி வரை போகலாம்; நிக்கான் 1/250-க்கு மேல் பிளாஷின் பலத்தை இழக்கும். எல்இடி திரை மின்னுகிற மேடையில் வேகத்தைக் கூட்டினால் மின்னணு ஷட்டரில் கோடு விழும் தொல்லையும் உண்டு. அதைத் தணிக்க நிக்கான் தனி அமைப்பு வைத்திருக்கிறது, மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அதைத் தேடி எடுக்க வேண்டும். ஆனால் பாட்டிகளின் நீதிமன்றத்தில் பொய்ச் சத்தம் ஜெயித்தது. நான் பதிவு செய்துகொண்டேன்.

மறுநாள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில். அது எங்கள் செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. உச்சி சுமார் 800 அடி. சிவாஜி யாரிடம் எதைச் சுமக்கக் கொடுத்து ஏறினார் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் யோசித்தேன்.

கீழே கல்யாண மகாலை நெட்டுக்குத்தாக, தரையோடு தரையாக வைத்து எடுக்க வேண்டும் என்று இருவரும் பந்தயம் கட்டினார்கள். நிக்கானின் திரை நெட்டுக்குப் பிடித்தாலும் மேல்நோக்கி மடங்கும்; மச்சான் குத்தவைத்து உட்கார்ந்து எடுத்துவிட்டான். சோனியின் திரை படுக்கைவசத்தில் மட்டும்தான் மடங்கும். மருமகன் சாஷ்டாங்கமாக விழுந்தான். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் இது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியது.

பிறகு குரங்குகள். நிக்கானின் பட்டியலில் மனிதன், நாய், பூனை, பறவை, கார், பைக், ரயில், விமானம் எல்லாவற்றையும் தானே அடையாளம் கண்டு குவியம் வைக்கும் வித்தை இருக்கிறது. குரங்கு இல்லை. டோக்கியோவிலிருந்து ஒருவரும் செஞ்சிக்கு வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. மனிதன் என்று வைத்தபோது கேமரா ஒரு கிழட்டுக் குரங்கின் முகத்தில் கட்டம் போட்டது. சோனியை மிருகம் என்று வைத்தார்கள். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மச்சானின் தாடியில் போய் நின்றது. இந்த ஆராய்ச்சி முடிந்து கேமராக்கள் பைக்குத் திரும்பியதும் இன்னொரு குரங்கு வந்து என் வலது தோள் பையைப் பிடித்து இழுத்தது. கனம் தாங்காமல் விட்டுவிட்டு இடது தோளுக்குத் தாவியது. அதற்கும் 603 கிராம் புரிந்திருக்கிறது.

செஞ்சிப் பாறைகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. மருமகனுக்கு அது ஒரு கணம் காட்சி கொடுத்தது. அழுத்திய விரலை எடுக்கவில்லை. கார்டு நிரம்பியது. இங்கேதான் சோனி தப்பித்தது. அதன் இரண்டு துளையிலும் சாதாரண எஸ்டி கார்டு போகும். கீழே இறங்கி பஜாரில் வாங்கிவிடலாம். நிக்கானுக்கு சிஎஃப் எக்ஸ்பிரஸ் போன்ற வகைதான் வேண்டும், செஞ்சி பஜாரில் அதைக் கேட்டபோது கடைக்காரர், "எந்த பஸ்ஸுக்குத் தம்பி?" என்றார். ஆனால் பேட்டரி என்று வந்தால் நிக்கான் தாங்குகிறது: தர அளவின்படி ஒரு சார்ஜில் 740 படம், சோனிக்கு 530. முகூர்த்தத்தில் தொடங்கி வரவேற்பு வரை நிற்கிறவனுக்கு அது பெரிய நிம்மதி.

தீர்ப்பு சொல்லிவிட்டேன். மலை ஏறுகிறவன் சோனி எடுக்கட்டும், மண்டபத்தில் நிற்கிறவன் நிக்கான் எடுக்கட்டும். படத்தின் தரத்தை வைத்து இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. கலைத்துப் போட்டுக் காட்டியபோது அவர்களுக்கும் தெரியவில்லை. இருவருமே மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். ஆல்ஃபா 1-ன் இரண்டாம் பதிப்பு 2024 நவம்பரிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டதால் பழைய தீர்ப்பு செல்லாதாம். அதன் எடை 743 கிராம். ஆறு கிராம் கூடியிருக்கிறது. மறுவிசாரணைக்கு வேறு தோள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.