கேளுங்கள், கொட்டுகிறோம்!

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் பாண்ட் வாத்தியங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். அடுத்த வருடம்தான் திறப்பார்கள். இது சரியா?
– ஒரு பெற்றோர், தெல்தெனிய

சரிதான். கணிதப் புத்தகங்களையும் அதே அலுமாரியில் பூட்டி, பரீட்சைக்கு முதல்நாள் எடுத்துக் கொடுத்துவிட்டால் நீதி சமமாகிவிடும்.

பாண்ட் அடிக்கிற பிள்ளை படிப்பில் பின்தங்காதா?
– ஓர் அம்மா, திகன

பின்தங்கினால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவானே! அணிநடையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி வைக்க வேண்டும். காலுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை, காது பக்கத்துப் பிள்ளையிடம், கண் பாண்ட் தலைவியின் கோலிடம். இதற்குப் பிறகு வகுப்பறையில் உட்காருவதே ஓய்வுதான்.
இன்னொன்று: வாத்தியம் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலை பாண்டை விட்டால் வேறு இசை வகுப்பு ஏது?

கண்டிப் பெரஹரா பக்கத்தில் இருக்க, வெள்ளைக்காரன் விட்டுப்போன பாண்ட் நமக்கு எதற்கு?
– ஒரு ரசிகர், கண்டி

வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தது யாராம்? பெரிய ட்ரம்மும் தாளத்தட்டும் 18ஆம் நூற்றாண்டில் துருக்கியப் படை வாத்தியத்தைப் பார்த்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்டவை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரும் ஐரோப்பிய வாத்தியங்களோடு பாண்ட் வைத்திருந்தார். பெரஹராவில் கெட்டபெர மேளம் அடிப்பவரும் நடந்துகொண்டேதான் அடிக்கிறார். தாளத்துக்கு யாரும் காணி உறுதி முடித்து வைக்கவில்லை.

பாடசாலை பாண்ட் பயிற்சிச் சத்தம் தாங்க முடியவில்லை. அமைதியான இடம் எங்கே கிடைக்கும்?
– அயல்வீட்டுக்காரர், தெல்தெனிய

பழைய தெல்தெனிய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. நீச்சல் தெரியுமா?