அரை கிரவுண்டு ஆர்க்கிடெக்ட்

கிரகப்பிரவேசத்துக்கு வந்த கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் பந்தி எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போது, அவர் ஹாலில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் காலோடு கால் ஒட்ட அடி வைத்து நடந்துகொண்டிருப்பார். "பதினொண்ணரைதான் வருது. பன்னெண்டுன்னு சொன்னாரே!" என்று தனக்குள் முணுமுணுப்பார். பாத்ரூம் கதவைத் திறப்பார்; உள்ளே போவதற்காக அல்ல, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பதற்காக. இலையில் பாயசம் விழும்போது குனிந்தால் சட்டைப்பையிலிருந்து இஞ்சி டேப்பு எட்டிப் பார்க்கும்.

அவருக்குத் தாம்பரம் தாண்டி ஒரு லேஅவுட்டில் அரை கிரவுண்டு இருக்கிறது. இருபதுக்கு அறுபது, மொத்தம் 1,200 சதுர அடி. வடக்குப் பார்த்த மனை என்பதால் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்து வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து பிளான் போட்டுக்கொண்டிருக்கிறார். மகன், "ஒரு இன்ஜினீயர்கிட்ட குடுத்துடலாமேப்பா" என்று கேட்காமலில்லை. "இன்ஜினீயரா அந்த வீட்டுல இருக்கப்போறான்?" என்ற பதிலுக்கு மேல் அவனுக்குப் பேச்சு எழவில்லை.

முதல் சோதனை கிராஃப் தாளிலேயே வந்தது. அடிக்கு அரை சென்டிமீட்டர் என்று வைத்தால் மனையின் அகலம் பத்து சென்டிமீட்டர், நீளம் முப்பது. கடையில் விற்கும் கிராஃப் தாள் இருபத்தைந்தோடு முடிந்துபோகிறது. எனவே இரண்டு தாளை ஒட்டினார். ஒட்டிய மடிப்பு சரியாகச் சமையல்கட்டின் மேல் விழுந்தது. அன்று முதல் அந்தச் சமையல்கட்டு நிம்மதியாக இருந்ததில்லை.

அகலம்தான் விவகாரம். இருபது அடியில் ஒரு பக்கம் சந்துக்கு மூன்று அடி விட்டால் மிச்சம் பதினேழு. இரண்டு பக்கமும் ஒன்பது இஞ்சு செங்கல் சுவர் என்றால் உள்ளே பதினைந்தரை. மனையடி சாஸ்திரத்தைப் புரட்டினால் 12, 13, 14, 15 நான்குமே ஆகாத அளவுகள், 16தான் செல்வம். அரை அடியில் செல்வத்தை விட்டுவிட அவருக்கு மனம் வருமா? மூன்று நாள் தூங்காமல் யோசித்து ஒரு காலைப்பொழுதில், "ஆறு இஞ்சு சாலிட் பிளாக்!" என்று படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். இரண்டு ஆறு பன்னிரண்டு. பதினேழில் ஓர் அடி போக, மிச்சம் கச்சிதமாகப் பதினாறு. வீட்டில் எல்லோருக்கும் அன்று கேசரி கிடைத்தது.

கேசரி செரிப்பதற்குள் மேஸ்திரி வந்தார். "சார், பூச்சு?" என்றார். பக்கத்துக்கு அரை இஞ்சு சிமென்ட் பூசினால் பதினாறு அடி, பதினைந்து அடி பதினோரு இஞ்சாகிவிடும். சாஸ்திரம் எழுதியவர்கள் பூசுவதற்கு முன் அளந்தார்களா, பூசிய பின் அளந்தார்களா? இதற்காக அவர் கலந்தாலோசித்த ஜோசியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

வடக்குப் பார்த்த மனை தன் வேலையைக் காட்டியது அதற்குப் பிறகுதான். போர் ஈசானிய மூலையில் போட வேண்டும். செப்டிக் டேங்க் வாயு மூலையில் இருக்க வேண்டும். ஈசானியம் வடகிழக்கு, வாயு மூலை வடமேற்கு. வடக்குப் பார்த்த குறுகிய மனையில் இரண்டுமே வாசல் பக்கத்தில், இருபது அடிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழிக்கும் நடுவே 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. 18 மீட்டர் என்பது ஐம்பத்தொன்பது அடி. கிழக்குப் பார்த்த மனையாக இருந்திருந்தால் ஈசானியம் முன்னால், வாயு மூலை பின்னால் என்று சாஸ்திரமும் குறியீடும் கைகுலுக்கியிருக்கும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வடக்கில், சாஸ்திரத்தை மதித்தால் கழிவையே குடிக்க வேண்டும். தற்போதைக்கு அவர் இரண்டு வட்டங்களையும் பென்சிலில் மட்டும் போட்டு வைத்திருக்கிறார்.

வீட்டின் தென்கோடிக்குப் போவோம். அக்கினி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் பெரிய படுக்கையறை. அவர் மனையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. பத்தும் ஆறும் பதினாறு. சாஸ்திரத்தில் பத்தும் நல்லது, ஆறும் நல்லது. படுக்கையறைக்குப் பத்தைக் கொடுத்து, சமையலுக்கு ஆறை ஒதுக்கினார். நடுவே ஒரு சுவர் வேண்டும், அதற்கு நாலரை இஞ்சு வேண்டும் என்பதை மேஸ்திரிதான் இந்த முறையும் நினைவுபடுத்தினார்.

மனைவி இதுவரை தாளைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகை வீட்டு மொட்டைமாடியில் அவர் சாக்பீஸால் முழு வீட்டையும் வரைந்துவிட்டு, "வந்து பாரும்மா" என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, வாசல் வழியாகவே நுழைந்து, சமையல்கட்டுக் கட்டத்துக்குள் போய் நின்றார். "மேடை?" இரண்டு அடி. "ஃபிரிட்ஜ்?" எதிர்ப்பக்கம், இரண்டே கால் அடி. மிச்சம் ஒன்றே முக்கால். இல்லாத ஃபிரிட்ஜின் இல்லாத கதவை அந்த அம்மாள் திறந்து பார்த்தார். முதுகு மேடையில் இடித்தது போல் நின்றார்.

"என்னங்க, ஃபிரிட்ஜத் திறக்கணும்னா நான் பெட்ரூமுக்குப் போயிடணுமா?"

"வழுக்குற கதவா ஏதாவது வருதான்னு பாக்கலாம்."

"மிக்ஸி எங்க? மாவு அரைக்கிற கிரைண்டர் எங்க? அரிசி மூட்டை எங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. கீழே குனிந்து ஒரு கோட்டை விரலால் அழித்தார். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்விகள்தான் வீட்டைப் பற்றிய முதல் கேள்விகள். அதுவரை நடந்ததெல்லாம் எண்களைப் பற்றிய விசாரணை.

அதே வரைபடத்தில் கார் நிறுத்தப் பத்துக்குப் பதினைந்து, 150 சதுர அடி இருக்கிறது. அவரிடம் கார் கிடையாது. மாப்பிள்ளை காரில் வருவார். வருஷத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மாடியை வாடகைக்கு விடும் உத்தேசம் இருப்பதால் படிக்கட்டும் உண்டு: பத்தடி உயரத்துக்கு ஏழு இஞ்சு வீதம் பதினேழு படி, நடுவில் திரும்புவதற்கு ஒரு மேடை, ஆக ஆறரைக்குப் பத்து. ஒற்றைப்படையில் படி வந்ததில் அவருக்குப் பரம திருப்தி. இல்லாத காருக்கு 150, இன்னும் கட்டாத மாடிக்கு ஏறுவதற்கு 65, தினமும் மூன்று வேளை சமைப்பதற்கு 48 சதுர அடி. பாகப்பிரிவினையில் சமையல்கட்டுக்கு வக்கீல் இல்லை.

வெளிச்சத்துக்கும்தான் வக்கீல் இல்லை. அறுபது அடி நீளத்தில் முன்னறைக்குத் தெரு வெளிச்சம் உண்டு, பின்னறைக்குக் கொல்லை வெளிச்சம் உண்டு. நடு அறைக்கு அந்த மூன்றடிச் சந்துதான் கதி. சந்துக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர், அதில் அவர்கள் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். இத்தனைக்கும் ஒடுங்கிய வீடு நமக்குப் புதிதே அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகாரங்களில் திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று வரிசையாக ஓடும் வீடுகள் சந்து கூட விடாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. கூடத்தை ஒட்டி ஒரு முற்றத்தைத் திறந்து விட்டார்கள். வெயிலும் மழையும் காற்றும் வீட்டு நடுவிலேயே இறங்கின. நம்மவருக்கும் அது தெரியும். சொந்த ஊர் முற்றத்தைப் பற்றிப் பேசினால் கண் கலங்கும். ஆனால் முற்றத்துக்கு இடம் கொடுத்தால் மாப்பிள்ளையின் கார் அடிபடும் என்பதால், நாலுக்கு ஐந்தில் ஓடிஎஸ் ('ஓப்பன் டு ஸ்கை') என்று ஒன்று விட்டிருக்கிறார். அதிலும் எலி வரும், திருடன் வருவான் என்று மேலே ஷீட் போட்டு, கீழே வாஷிங் மெஷின் வைத்தாயிற்று.

அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் வீடியோவில் பிளானைப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்வளவு சின்ன இடத்துல பூமிக்குக் கீழ ஒரு ஃப்ளோர் போட்டா சாமானெல்லாம் அங்க போட்டுடலாமே?" என்று கேட்டான். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அவர் அரை மணி நேரம் விளக்கினார். இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவன் கீழே இறங்க மாட்டான். ரோட்டிலிருந்து மூன்றடி பேஸ்மட்டத்தை உயர்த்திக்கொண்டு மேலேதான் ஏறுவான். சாமானும் மேலேதான் ஏறும். ஏழடி லிண்டல் மட்டத்தில் இரண்டடி அகலத்துக்கு எல்லா அறையிலும் லாஃப்ட் போட்டிருக்கிறார். பித்தளை அண்டா, கொலுப்படி, மகனின் தொட்டில், டிவி வந்த அட்டைப்பெட்டி, அதற்கு முந்தைய டிவி வந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் தாளில் தனித்தனியாகப் பெயர் எழுதி இடம் ஒதுக்கியாயிற்று. ஒட்டடை அடிக்க யார் ஏறுவது என்பதற்கு மட்டும் வரைபடத்தில் குறிப்பு இல்லை.

சர்க்கார் தன் பங்கை முடித்துவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்களுக்கு ஆன்லைனில் சுயசான்று கொடுத்தால் உடனடி அனுமதி என்று 2024 ஜூலையில் திட்டம் வந்துவிட்டது. முன்பெல்லாம், "அப்ரூவலுக்கு அலையணுமே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஒரு சாக்கும் போய்விட்டதில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம் என்பதால், அதற்கான தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்ற ஆராய்ச்சியில் இன்னொரு ஆறு மாதம் ஓட்டினார்.

கடைசியில் மகன் நாள் குறித்துவிட்டான். மேஸ்திரி மார்க்கிங் போட வந்தார். நான்கு மூலையிலும் முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளைக் கையில் எடுத்தவர், பின்பக்கம் போய் டேப்பைப் பிடித்தார். இன்னொரு முறை பிடித்தார். பக்கத்து மனைக்காரர் போன வருஷம் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியிருந்தார்.

"சார், முன்னாடி இருபது இருக்கு. பின்னாடி பத்தொன்பதே முக்கால்தான் வருது."

அவர் அசையாமல் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, ஒட்டிய மடிப்பைப் பிரித்து, முழங்கால் மேல் வைத்துக் கணக்குப் போட்டார். மூன்று இஞ்சு. முகம் மெல்லத் தெளிந்தது.

"மேஸ்திரி, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சுவரை மூணு இஞ்சாப் பண்ணிட்டா பதினாறு வந்துரும் இல்ல?"

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பண்ணிரலாம் சார். ஆணி அடிச்சா பக்கத்து வீட்டுக்காரரு காலண்டர் மாட்டிக்குவாரு, பரவால்லியா?"