நல்லா இருக்கேன் மேடம்

வளைகுடாவில் வேலை பார்க்கிற தமிழனுக்கு ஒரு கலை கைவந்திருக்கும். ஊரிலிருந்து போன் வந்தால், எடுத்த எடுப்பில் "நல்லா இருக்கேன்" என்று சொல்வது. காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சொல்வான். மூன்று மாதமாகச் சம்பளம் வராதபோதும் சொல்வான். ஊரில் இருப்பவர்கள் மட்டும் என்ன, இளைத்தவர்களா? அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் முடித்து, தையலும் பிரித்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான், "லேசா உடம்புக்கு முடியல, இப்ப தேவலை" என்று செய்தி வரும். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் இரு கரையிலும் தேர்ந்த நடிகர்கள்.

இந்தத் தகுதியோடுதான் நான் ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மையார் முன்னால் போய் உட்கார்ந்தேன். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் மேடம். நீங்க எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

அங்கே போக நேர்ந்த கதை சின்னது. ஒரு ராத்திரி நெஞ்சு அடைத்தது. கை மரத்தது, மூச்சு முட்டியது, விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று உறுதியாகத் தெரிந்தது. அறைவாசிகளான கடையநல்லூர் பாயும் தஞ்சாவூர் அண்ணனும் என்னை டாக்சியில் அள்ளிப் போட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பாய் வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தார். அண்ணன் வழியெல்லாம் என் ஏடிஎம் பின் நம்பரைக் கேட்டுக்கொண்டு வந்தார், நல்ல எண்ணத்தில்தான். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயம் சுத்தமாக இருந்தது. "பேனிக் அட்டாக்" என்றார் டாக்டர். இல்லாத ஆபத்துக்கு உடம்பு அட்ரினலினைக் கொட்டித் தீர்க்கிறதாம். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடுமாம். ஒரு சைக்காலஜிஸ்டைப் பார்ப்பது நல்லதாம். திரும்பி வரும்போது டாக்சியில் ஒருவரும் பேசவில்லை. ஹார்ட் அட்டாக்காக இருந்திருந்தால் ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

குதைபியாவில் ரகசியம் தங்காது. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஒரு பகுதி இது. ஒரு பக்கம் அரண்மனையும் நாடாளுமன்றக் கட்டடமும். மறுபக்கம் சந்து சந்தாக நாங்கள். தையல்கடை, சலூன், கஃப்டீரியா, நாலு கட்டடத்துக்கு ஒரு கோல்டு ஸ்டோர். மளிகைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். மறுநாள் காலை குப்பூஸ் ரொட்டி வாங்கப் போனபோது, கடைக்காரச் சேட்டன் எனக்கு வெண்ணெய் தர மறுத்துவிட்டார். நெஞ்சுக்கு ஆகாதாம்.

பாய்க்கு வேறு கவலை. "தம்பி, பைத்தியம்னு ஃபைல்ல எழுதிட்டான்னா சிபிஆர் அடையாள அட்டையில ஏறிரும். அடுத்த தடவை விசா அடிக்க மாட்டான் பாத்துக்கோ." தஞ்சாவூர் அண்ணன் சிக்கனக்காரர். "ஊர்ல 14416-க்கு அடிச்சா தமிழ்லயே பேசுறாங்களாம்டா, அதுவும் ஓசியில. கவர்மென்ட் 2022-ல ஆரம்பிச்சது. நீ என்னடான்னா தினார எண்ணிக் கொடுக்கப் போற" என்றார்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"கவுன்சிலிங் போறியாமே தம்பி? இந்த வயசுல எந்த காலேஜுல சீட்டு கேட்டிருக்க?"

விளக்கிச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தெளிவாக ஒரு தீர்ப்பு வந்தது. "குணசீலத்துல 48 நாள் இருந்துட்டு வந்துரு."

எங்களுக்குத் துறையூர். அந்த வட்டாரத்தில் யாருக்கு மனம் கலங்கினாலும் குணசீலம்தான் முதல் பேச்சு. காவிரிக் கரையில் பிரசன்ன வெங்கடாசலபதி. கோயிலில் 48 நாள் தங்கவைத்து, பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தத்தை வீசித் தெளிப்பார்கள். எனக்கு அதில் அவநம்பிக்கை ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலைவெட்டி இல்லாமல் ஆற்றங்கரையில் உட்காரவைத்தால் பாதிப் பேருக்குச் சரியாகத்தான் போகும். சிக்கல் வேறு. பஹ்ரைன் தொழிலாளர் சட்டப்படி எனக்கு வருஷ விடுப்பு 30 நாள். பெருமாள் மீதி 18 நாளைத் தள்ளுபடி செய்வாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு வருஷ லீவைச் சேத்து எடு" என்று வைத்துவிட்டாள்.

இத்தனை ஆலோசனைகளும் இலவசமாகக் கிடைத்த பிறகுதான் காசு கொடுத்து ஒன்று கேட்கப் போனேன்.

படுக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். நல்ல பனியனாகப் போட்டுக்கொண்டு போனதற்கும் அதுதான் காரணம். அந்தப் படுக்கை சிக்மண்ட் பிராய்டு வைத்த வழக்கம். அவருடைய படுக்கை 1890 வாக்கில் அவரிடம் வந்த ஒரு நோயாளி அன்பளிப்பாகக் கொடுத்தது, இப்போது லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அதன் மேல் விரித்திருக்கும் கம்பளம் ஈரானின் காஷ்காய் இனத்தார் நெய்தது. அதாவது எங்கள் கடலுக்கு எதிர்க்கரைச் சரக்கு. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்குக் கிடைத்தது ஒரு ரெக்சின் நாற்காலி. பிராய்டு நோயாளியின் தலைமாட்டில், கண்ணில் படாத இடத்தில் உட்காருவாராம்; தினமும் எட்டு மணி நேரம் பிறர் தன்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை அவரால் தாங்க முடியவில்லையாம். எங்கள் மேடம் அப்படியெல்லாம் கூச்சப்படுகிறவர் இல்லை. நேர் எதிரே உட்கார்ந்து நேராகப் பார்த்தார். பாலக்காட்டுக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர், நல்ல தமிழ். இடையில் ஒரு சின்ன மேஜை, அதில் டிஷ்யூ பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததும், இது வேறு யாருக்கோ வைத்தது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் ஒரு தாள் கொடுத்தார்கள். பிஎச்க்யூ-9 என்று பெயர். மனச்சோர்வை அளக்க உலகம் பூராவும் புழங்குகிற தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'கிட்டத்தட்ட தினமும்' வரை பூஜ்யம் முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. இதில் மட்டும் குறைவாக எடுத்தவன்தான் பாஸ். தூக்கம் கெடுகிறதா? ஜூலை மாசம், ஜன்னல் ஏசி சாமியாடுகிற அறையில் மூன்று பேர், அதில் ஒருவருக்குக் குறட்டை. 3 போட்டேன். பசி எடுக்கவில்லையா? அந்த வாரம் சமையல் முறை தஞ்சாவூர் அண்ணனுடையது. அதற்கும் 3. களைப்பாக இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் குதைபியாவில் எந்தச் சந்தில் நின்று கேட்டாலும் ஊர்வலமே கிளம்பும். கூட்டிப் பார்த்த மேடம், இந்தத் தாள் தீர்ப்பு இல்லை, பேச்சைத் தொடங்க ஒரு வழி, அவ்வளவுதான் என்றார். ஆனால் கடைசிக் கேள்விக்கு, சாகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்பதற்கு, நான் போட்டிருந்த பூஜ்யத்தை விரலால் தொட்டுக் காட்டி, நிஜமாகவே பூஜ்யம்தானா என்று நிதானமாகக் கேட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. நிஜமாகவே பூஜ்யம்தான்.

அடுத்து ரகசியக் காப்பு. இங்கே பேசுவது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்றார். பாய் சொல்லிவிட்ட விசா சந்தேகத்தையும் கேட்டுவைத்தேன். என் குறிப்புகள் அவருடைய அலமாரியில் இருக்கும், கம்பெனிக்குப் போகாது என்றார். வெளியே எங்காவது பார்த்தால் நீங்களாக வணக்கம் சொன்னால் ஒழிய நானாக வந்து பேச மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். சொன்னபடியே ஒருநாள் அந்தலூஸ் பூங்கா பக்கம் எதிரே வந்தவர், ஊரில் பங்காளிச் சண்டைக்குப் பிறகு சித்தப்பா போவாரே, அதுபோல ஒரு தலையசைப்பும் இல்லாமல் கடந்து போனார். மருந்துச் சீட்டு எழுதுவாரா என்று கேட்டேன். அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. தேவைப்பட்டால் அனுப்புகிறேன், இப்போதைக்குத் தேவை தெரியவில்லை என்றார். மருந்து இல்லை, ஊசி இல்லை, ஐம்பது நிமிஷம் பேச்சு. இருபத்தைந்து தினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன். தினாரை ரூபாயால் பெருக்காத இந்தியன் இந்தத் தீவில் கிடையாது. 1965 வரை இங்கே செலாவணியே ரூபாய்தான். வளைகுடாவுக்கென்று ரிசர்வ் வங்கி தனி நோட்டே அடித்துக் கொடுத்தது. தினார் வந்தபோது பத்து ரூபாய்க்கு ஒன்று என்று மாற்றினார்கள். அப்போதே எனக்கு மனக்கலக்கம் வந்து தொலைத்திருந்தால் 250 ரூபாயோடு போயிருக்கும். இப்போது ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. நிமிஷத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல்.

இந்தக் கணக்குதான் என்னை முதலில் பேசவைத்தது. ஏனென்றால் மேடத்திடம் ஒரு பழக்கம்: நான் பேச்சை நிறுத்தினால் அவரும் சும்மா இருப்பார். நம் ஊரில் இரண்டு பேர் உட்கார்ந்து அரை நிமிஷம் பேசாமல் இருந்தால் ஒருவர் "அப்புறம்?" என்பார், மற்றவர் "நீதான் சொல்லணும்" என்பார். இவர் 'அப்புறம்' சொல்லவில்லை. கடிகாரம் நூறு நூறாக விழுங்கிக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல் ஆபீஸ் மேனேஜரைப் பற்றி ஆரம்பித்தேன். முடித்துவிட்டு, "இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?" என்றேன். "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்றார். ஐயாயிரம் கொடுத்து என் கேள்வியை நானே திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு வீட்டுப்பாடம் வந்தது. எனக்குப் பிடித்துப்போனது இதுதான், நான் கணக்கு எழுதுகிறவன். ஆரன் பெக் என்ற அமெரிக்க டாக்டர் 1960-களில் தொடங்கிய முறை. பிராய்டு வழியில் பழகியவர், கனவை விட்டுவிட்டு, நோயாளிக்கு அந்த நேரத்தில் மனசில் ஓடிய வாக்கியம் என்ன என்று கேட்க ஆரம்பித்தாராம். நெஞ்சு படபடத்தால் ஒரு தாளில் எழுத வேண்டும்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், எவ்வளவு பயம், நூற்றுக்கு எத்தனை, நினைத்ததற்கு ஆதாரம் என்ன, எதிராக ஆதாரம் என்ன. நான் எக்செலில் போட்டேன், கலர் கொடுத்தேன், வாரக் கடைசியில் சராசரியும் எடுத்தேன். பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார். கணக்கில் ஆள் எங்கே இருப்பான்?

இருந்தாலும் ஒரு விஷயம் தெரிந்தது. படபடப்பு பெரும்பாலும் வியாழன் ராத்திரி, ஊருக்குப் போன் பேசி வைத்த அரை மணி நேரத்துக்குள் வந்திருந்தது. அந்தக்கால மருத்துவர் இபின் சீனாவைப் பற்றி ஒரு பழைய பாரசீகக் கதை உண்டு. நோய் பிடிபடாமல் கிடந்த இளைஞனின் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊர் தெரிந்த ஒருவரைத் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாராம். ஒரு தெருவுக்கு நாடி துள்ளியது. அந்தத் தெருவின் வீடுகள், அந்த வீட்டார் பெயர்கள் என்று போய், பையனுக்குக் காதல் என்று கண்டுபிடித்தார். குதைபியாவில் அவருக்கே சிரமம்தான். இங்கே எங்கள் விலாசத்தில் ரோடுக்கும் நம்பர்தான், பிளாக்குக்கும் நம்பர்தான். மேடம் நாடி பிடிக்காமலே துறையூர் வரை போய்விட்டார். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளான் எனக்கு மனப்பாடம். கீழே அம்மாவுக்கு, மாடியில் பையனுக்கு, பெண்ணுக்கு, சாமிக்கு, வருகிற விருந்தாளிக்கு.

"உங்க இடம் எது?" என்று கேட்டார்.

யோசித்தேன். காரே இல்லாமல் காருக்குக்கூட ஓர் இடம் விட்டிருந்தோம்.

"ஏசி ரொம்பக் குளிரா இருக்கு மேடம், கண்ணுல தண்ணி வருது" என்றேன். அவர் எழுந்து ஏசியைக் குறைத்தார். அதற்குப் பிறகும் வந்தது. டிஷ்யூ பெட்டி யாருக்கு வைத்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. போக ஆரம்பித்த சில வாரங்களில் நிம்மதி கூடும் என்று நினைத்திருந்தேன். முதலில் கூடியது என்னவோ அழுகைதான். அப்படி ஆவது வழக்கம்தான், மூடி வைத்ததைத் திறந்தால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்றார் மேடம். கிளம்பும்போது கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "போன வருஷம் அப்பா காரியத்துக்கு நான் போகல, லீவு கிடைக்கலன்னு சொன்னேன், நான் கேக்கவே இல்ல" என்றேன். முக்கியமானதை எல்லோரும் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் சொல்வார்களாம். அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நேரம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் இதிலிருந்தே ஆரம்பிப்போம் என்றார். பெனிபிட் பே-யில் பணத்தைத் தட்டிவிட்டு இறங்கினேன்.

அறையில் இப்போது பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு நாள் அண்ணன் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்த மேடம் வெள்ளிக்கிழமை பாப்பாங்களா? எனக்கில்லடா. பாய் ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்காரு, பாவம்." நம்பர் கொடுத்தேன். அதே வாரம் கோல்டு ஸ்டோர் வாசலில் பாய் என் தோளில் கை போட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. அண்ணன் முகம் சரியில்ல, ஊர்ல ஏதோ பிரச்சினை. நம்பர் இருந்தா கொடு, பக்குவமாச் சொல்லிப் பாக்குறேன்." அவருக்கும் கொடுத்தேன். அண்ணன் திங்கள்கிழமை சாயங்காலம் 'கார்கோ ஆபீசு'க்குப் போகிறார். பாய் புதன்கிழமை 'சொந்தக்காரர் ஒருத்தரைப் பார்க்க' போகிறார். ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் தமிழ்ப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.