இரும்புக் கத்தி, தங்க மோதிரம், ஓவர்லாக்

‘ஸ்கைரிம்’ கேமில் கொல்லர் திறன் 100-ஐத் தொட, இரும்புக் குறுவாளையே அடித்துக்கொண்டிருந்தால் போதும் என்கிறான் அண்ணன். நெசமாங்க?
- ஒரு வாசகர், அனுப்பர்பாளையம்

அண்ணன் 2011-இல் விளையாடியவர்! அன்று எதைச் செய்தாலும் ஒரே புள்ளி. அதனால் ஒரு இரும்புக் கட்டியும் ஒரு தோல் வாரும் மட்டுமே கேட்கும் குறுவாளுக்கு மவுசு. 2012-இல் வந்த 1.5 அப்டேட் கணக்கை மாற்றிவிட்டது. இப்போது பொருளின் விலை கூடினால் புள்ளியும் கூடும். தங்க மோதிரத்துக்கு மாறுங்கள்.

மோதிரம் செய்யத் தங்கம் வாங்கியே காசெல்லாம் கரைகிறதே?
- ஒரு வாசகி, அவிநாசி

வாங்காதீர்கள். வைட்ரன் நகருக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் முகாம். கொள்ளையரைச் சமாளித்து உள்ளே போனால் ‘டிரான்ஸ்மியூட்’ மந்திரப் புத்தகம் கிடைக்கும். இரும்புத் தாது வெள்ளியாகும், வெள்ளி தங்கமாகும். இரண்டு தாதுவுக்கு ஒரு கட்டி, ஒரு கட்டிக்கு இரண்டு மோதிரம். இரும்புச் சுரங்கமும் அங்கேயே இருக்கிறது.

‘ஸ்கைரிம்’ கேமின் ட்வெமர் இடிபாடுகளில் கிடக்கும் பழைய உலோகத்தைச் சுமப்பது வீண்தானே?
- ஒரு வாசகர், பல்லடம்

கட்டிங் வேஸ்ட்டைப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கும் ஓ.இ. மில்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! உருக்கினால் பலவும் கட்டியாகும். ஆனால் எடை பார்த்து எடுங்கள். வளைந்த தகட்டின் எடை 2, மூன்று கட்டி தரும். ‘சாலிட்’ உலோகத்தின் எடை 25, தருவதோ ஐந்துதான். திறன் 30 வந்ததும் அந்தக் கட்டிகளில் வில் செய்யுங்கள்.

‘ரூன்ஸ்கேப்’ கேமில் கிராஃப்டிங் லெவல் 92 வந்துவிட்டேன். 99-க்கு இன்னும் ஏழுதானே?
- ஒரு வாசகர், காங்கயம்

இப்போதுதான் பாதி வழி. 92-க்குச் சுமார் 65 லட்சம் புள்ளி, 99-க்கு 1 கோடியே 30 லட்சம்.

கேமில் நான் பெரிய கொல்லன். பனியன் கம்பெனியில் இரண்டு வருஷமாகக் கைமடி. எப்போது டெய்லர் ஆவேன்?
- ஒரு வாசகர், 15 வேலம்பாளையம்

பீஸ் மடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மடிப்பில்தான் வேகம் வரும், தம்பி. அது 1.5 அப்டேட்டுக்குப் பிந்தைய குறுவாள். மெஷினில் உட்கார வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் அக்காவிடம் கேட்டுப் பத்து நிமிஷம் ஓவர்லாக்கில் உட்காருங்கள். நல்ல பீஸைத் தொடாதீர்கள். கட்டிங் வேஸ்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, நூல் கோக்காமல் ஓட்டுங்கள். முதலில் படிய வேண்டியது பெடல் மேல் இருக்கும் பாதம்தான். பிறகு நூல் கோத்து நேர்க்கோடு, அதன்பின் வளைவு. பனியன் துணி இழுபடும். கையால் இழுத்தால் தையல் அலை அலையாக நெளியும். துணியை மெஷினே நகர்த்தும், உங்கள் விரல் வழி காட்டினால் போதும். தைத்ததைக் கீழே வைத்துப் பாருங்கள். நெளியாமல் படுத்திருந்தால் சூப்பர்வைசரிடம் காட்டி ஷோல்டர் ஜாயின்ட் கேளுங்கள். தையல் சின்னது, நேரானது. கை ஏற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.