ரம்பத்தோடு வந்த தலைவர்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ட்சுஃபன்ஹௌசன் என்று ஓர் இடம். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், அங்கே தயாராகும் போர்ஷே கார் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். 1980களின் நடுவில் இந்தக் கம்பெனிக்கு ஏக மவுசு. ஆண்டுக்கு 50,000 கார்களுக்கு மேல் விற்றார்கள். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குத்தான் போனது. பங்குச் சந்தையில் காசு பார்த்த இளவட்டங்கள் நேரே ஷோரூமுக்கு வந்து நின்றார்கள். 1987இல் சந்தை குப்புற விழுந்தது, டாலரும் இளைத்தது, இளவட்டங்கள் காணாமல் போனார்கள். 1992-93இல் விற்பனை 15,000க்கும் கீழே. நஷ்டம் சுமார் 24 கோடி மார்க்.

விற்காததுகூடப் பெரிய வியாதி இல்லை, செய்த விதம்தான் வியாதி. 911க்குப் பின்பக்கம் காற்றால் குளிரும் எஞ்சின். 928க்கு முன்பக்கம் வி8. 968க்கு முன்பக்கம் நாலு சிலிண்டர். ஒரே வீட்டில் மூன்று மருமகள்கள் மூன்று அடுப்பு வைத்துக்கொண்டு, ஒருத்தி கரண்டியை இன்னொருத்தி தொடாத கதை. பாகம் சரியாகப் பொருந்தவில்லையா? மூத்த மேஸ்திரி ஒருவர் அரத்தை எடுத்துத் தேய்ப்பார். அதற்குக் கைவினை நேர்த்தி என்று பெயர். தேய்த்த கூலி வாங்குகிறவர் தலையில்.

இந்த லட்சணத்தில் பொறுப்புக்கு வந்தவர் வெண்டலின் வீடகிங், வயது 40. பழைய போர்ஷே டிராக்டர்களிலும் உருளைக்கிழங்குச் சாகுபடியிலும் பிரியமுள்ள மனிதர். ஜப்பானுக்குப் போய் அங்கே கார் செய்யும் அழகைப் பார்த்துவிட்டு, டொயோட்டாவின் தாய்இச்சி ஓனோவிடம் தொழில் படித்த ஆலோசகர்களை அழைத்து வந்தார். எஞ்சின் பிரிவுக்குள் நுழைந்ததும் அவர்கள் கேட்டார்களாம்: இது குடோன் ஆச்சே, தொழிற்சாலை எங்கே? உலகத்துக்கே பொறியியல் பாடம் எடுப்பதாக நினைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் கேள்வி நியாயம். ஆளுயரத்தைத் தாண்டிய அலமாரிகளில் வாரக்கணக்கில் பாகங்கள் தூங்கின. ஏணி போட்டு ஏறித் தேடி எடுப்பதற்கும் சம்பளம்தான்.

கம்பெனித் தலைவர் என்றால் ரிப்பன் வெட்டுவார், மீட்டிங்கில் ரம்பம் போடுவார். வீடகிங் கையில் ஜப்பானியர்கள் நிஜ ரம்பத்தையே கொடுத்தார்கள். தொழிலாளர்கள் வாய் பிளந்து பார்க்க, 1.3 மீட்டருக்கு மேலே இருந்த அலமாரிகளை அவரே அறுத்துத் தள்ளினார். வைக்க இடமே இல்லாதபோது எவன் வாங்கிக் குவிப்பான்?

அடுத்து மருமகள்களின் முறை. 928, 968 இரண்டையும் மூட்டை கட்டினார்கள். 1996இல் பாக்ஸ்டர், 1997இல் புது 911. இரண்டுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாகங்கள் பொது. ட்சுஃபன்ஹௌசனில் ஒரே வரிசையில் இரண்டும் பூட்டப்பட்டன. எந்தக் கார் விற்கிறதோ அதைக் கூட்டிக்கொள்ளலாம். பாக்ஸ்டர் கேட்டுக் கூட்டம் முண்டியதும், புதிய கட்டடம் எழுப்பாமல் பின்லாந்தில் சாப் கார் பூட்டிக்கொண்டிருந்த வால்மெட் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தார்கள். புத்திசாலித்தனம் என்றால் இதுதான்.

சிக்கனம் முகத்தில் தெரிந்ததுதான் வினை. இரண்டு கார்களுக்கும் ஒரே முன்விளக்கு. ஓரத்தில் மஞ்சள் ஒழுகும் அந்த விளக்குக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் நம் பாஷையில் ஆஃப்பாயில். அதிகக் காசு கொட்டி 911 வாங்கியவர், சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மலிவு பாக்ஸ்டரின் முகத்தில் தன் காரைப் பார்த்து நொந்தார். சில வருடத்தில் 911க்கு வேறு விளக்கு வந்தது.

லாபம் கொட்டியது. கொட்டியதும் ஆசை வந்தது: பல மடங்கு பெரிய ஃபோக்ஸ்வாகனையே விழுங்கப் பார்த்தார் வீடகிங். ஆணி வாங்கக் கணக்குப் பார்த்தவர் கடனுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. 2009இல் 5 கோடி யூரோவோடு வெளியேறினார். அதில் பாதியை அறப்பணிக்குத் தந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் ஃபோக்ஸ்வாகன்தான் போர்ஷே கார் கம்பெனியை முழுதாக விழுங்கியது.

911 ஆசை உண்டு, காசு இல்லை என்பவர்களுக்கு ஒரு தகவல்: பழைய 911களில் பொதுவாக மலிவு அந்த ஆஃப்பாயில்தான். வாங்கும் முன் எஞ்சினின் இடைத்தண்டு பேரிங்கை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.