காற்றிறக்கும் அண்ணாச்சி

இராஜாக்கமங்கலம் துறையில் தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே ஒரு ஜீப் நிற்க, டயர் அருகே ஒருவர் குந்தியிருந்தால் பஞ்சர் என்று இரக்கப்பட்டு யாரும் நெருங்கிவிட வேண்டாம். அண்ணாச்சி காற்றிறக்கிக்கொண்டிருக்கிறார்.

சும்மா இறக்குவதில்லை. நெற்றியில் விளக்கு, கையில் அளவுமானி. 32 பி.எஸ்.ஐ.யில் இருந்த டயர் சீறிக்கொண்டே 25-க்கு வரும், அளப்பார். 20-க்கு வரும், அளப்பார். 16 தொட்டதும் எழுந்து, நாலடி தள்ளி நின்று டயரின் தொப்பையைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்து திரும்பவும் அளப்பார். இதே பூசை நான்கு டயருக்கும் உண்டு. கூட வந்த மச்சினன் அதற்குள் பிளாஸ்கு காப்பியை முடித்திருப்பான். அந்த நேரம் பார்த்து வலையோடு போகிற யாராவது, "என்ன அண்ணாச்சி, காத்து போயிட்டா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. வகுப்பு தொடங்கிவிடும்.

வகுப்பில் பிழையே இருக்காது, அதுதான் சங்கடம். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணலில் படியும், வண்டியின் பாரம் கூடுதல் இடத்தில் பகிர்ந்து விழும், சக்கரம் புதையாது. ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்துக்குள் ஓட்டிப் பழகிய வித்தைகளில் இதுவும் ஒன்று. அவர் 1940-இல் பாலைவனப் போருக்கென்றே ஒரு படைப்பிரிவை உண்டாக்கினார். மறுவருடம் மணல் எப்படி நகர்கிறது என்று கனமான புத்தகமும் போட்டார். அண்ணாச்சி அவரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் பாக்னால்டுக்கு வடசேரியில் வீடு என்று தோன்றும்.

காற்றிறக்கியாயிற்று. வண்டி சவுக்குத் தோப்பைத் தாண்டி மேட்டில் ஏறும். புதைகிற மாதிரி இருந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது என்பது வகுப்பின் இரண்டாம் பாடம். அது அண்ணாச்சிக்குத் தெரியும், அவர் காலுக்குத் தெரியாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, அச்சு வரை மணலுக்குள் இறங்கிவிடும். "இது சாதா மணல் இல்ல வேய், மோனசைட்டு! கனம் ஜாஸ்தி, பிடிச்சு இழுக்கும்" என்பார். மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் இருக்கிறது என்று 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது உலகத்துக்குப் பயன்பட்டதோ இல்லையோ, அண்ணாச்சிக்குப் பயன்படுகிறது.

பிறகு கரமடி இழுக்கிறவர்கள் வருவார்கள். "காத்த எறக்கினா போதாது அண்ணாச்சி, ஆளையும் எறக்கும்" என்று மச்சினனையும் ஐஸ் பெட்டியையும் கீழே இறக்கிவைத்துவிட்டுக் கயிற்றைக் கட்டுவார்கள். அசையாவிட்டால் வள்ளம் இழுக்கிற டிராக்டர் வரும். வண்டிக்கு முன் விளக்கு, பின் விளக்கு, மேல் விளக்கு என்று லட்சக்கணக்கில் அள்ளி இறைத்த மனிதர், டிராக்டர்காரரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார். பேசி முடித்தும் ஐம்பது குறைத்துக் கொடுப்பார். சாயங்காலம் எல்லாருடைய போனுக்கும் வரும் வீடியோவில் ஜீப் தானாகவே மேடேறிக்கொண்டிருக்கும்.

திரும்பும்போதுதான் உண்மையான சாகசம். காற்றிறக்கச் சாமான் வைத்திருப்பவர், காற்றடிக்கும் கம்ப்ரஸரை வீட்டில் மறந்திருப்பார். கொண்டுவந்த அன்று அதன் பியூஸ் போயிருக்கும். 16 பி.எஸ்.ஐ.யோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் மடங்கிச் சூடாகி வெடித்துவிடும். ஆகவே பெட்ரோல் பங்க் வரும்வரை உருட்டல்தான். பின்னால் ஈத்தாமொழித் தேங்காய் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்.

மற்றபடி, 2023-இல் வந்த, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற 'தார்' மாடல் ஜீப்பை அவர் ஜீப் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். கண்ணூர் பக்கம் முழப்பிலங்காட்டில் சுமார் நான்கு கிலோமீட்டர் கடற்கரையில் கார் ஓட்டலாம் என்றால், "அது இறுகின மணல், ஆட்டோவே போகும்" என்று உதட்டைப் பிதுக்குவார். தனுஷ்கோடிக்கு 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததில் அவருக்குத் தாங்காத வருத்தம். அதுவரை மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டிச் சுற்றுலாக்காரர்களைக் கொண்டுபோன லுங்கிக்காரர்கள் யாரிடமும் அளவுமானியைக் கண்டதாக ஞாபகமில்லை.

நல்ல குணமும் உண்டு. சொத்தவிளையில் வெளியூர்க் குடும்பத்தின் கார் ஒன்று மணலில் மாட்டிக்கொண்டால் அண்ணாச்சி முகத்தில் தீபாவளி. சட்டை அழுக்காக மணலில் படுத்து, கயிறு மாட்டி இழுத்துவிட்டு, பைசா வாங்க மாட்டார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனுப்புவார். வகுப்பையும் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் போக முடியும்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகலாம், தை மாசி பங்குனி நீங்கலாக. பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம் அது. ஒன்றரை அடிக் குழியில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டை. மேலே பார்த்தால் வெறும் மணல். குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். பொரித்து வெளிவரும் குஞ்சு கடலைப் பார்த்து ஓடும் வழியில் டயர்த் தடம் குறுக்கிட்டால் அதற்குள் விழுந்து ஏறமாட்டாமல் தடத்தோடேயே ஓடி ஓய்ந்து, நண்டுக்கும் காக்கைக்கும் இரையாகும். 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. மணல்மேடும் அப்படித்தான். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் வேர்விட்டுப் பிடித்துவைத்திருக்கிற மணல், கொடி நசுங்கினால் காற்றோடு போய்விடும். மேட்டின் உருவை மாற்றக் கூடாது என்று கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை சொல்கிறது. திருச்செந்தூர் பக்கத்துக் குதிரைமொழித் தேரியோ காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போகவே கூடாது. அண்ணாச்சி அங்கேயும் டயர்த் தடம் பதித்திருக்கிறார்.

துறையில் ஒரு பெரியவர் ஒருநாள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "இந்த மூணு மாசம் வராதயும் அண்ணாச்சி. வந்தே தீரணும்னா மேட்டுல ஏறாம, அலை நனைச்ச ஈர மணலோடயாவது போம். முட்டை தப்பும்."

அண்ணாச்சி பதறிப்போனார். "என்ன பேச்சுவேய் பேசுதீரு? உப்புத்தண்ணி பட்டா அடிப்பக்கமெல்லாம் துருப்பிடிச்சிராதா?"